வியர்க்காத குதிரை

லாயத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

நான் வேலையை விட்டுப் போவதற்கு முன் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். நாலு பேர் முன்னால் நின்று பேசுவது எனக்கு வராது. லாயத்து வாசலில் தெரியாத ஆள் ஒருவர் நின்றால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறவன் நான். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேணம் கட்டுவதும் குளம்பு பார்ப்பதும் தீனி வைப்பதும் கை பழகினால் வந்துவிடும். அதை நான் எழுதி நீங்கள் படித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு குதிரை சாகக் கிடந்ததை எழுதுகிறேன். அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோனவன் நான்தான். இந்த லாயத்தில் அவள் மேல் அதிகப் பிரியம் வைத்திருந்தவனும் நான்தான். பிரியம் இருந்தால் போதும், தப்பு வராது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் இது உங்களுக்குத்தான்.

நான் திண்டுக்கல்லில் பிறந்தவன். அப்பா ஜட்கா ஓட்டினார். மலாயாவில் ஜொகூர் பக்கத்துத் தெப்ராவில் ஒரு ரப்பர் தோட்டம்; அதன் துரை குதிரைப் பைத்தியம் பிடித்தவர், குதிரை தெரிந்த ஆள் வேண்டும் என்று அந்தத் தோட்டத்துக் கங்காணி ஊரில் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தெரியும் என்று தலையாட்டிவிட்டுக் கப்பல் ஏறினேன். எனக்குத் தெரிந்த குதிரையின் முதுகு என் மார்பு உயரம். இங்கே வந்து பார்த்தால் முதுகு என் கண்ணுக்கு நேராக நின்றது. நான் "ஹை" என்றால் அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குதிரையைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது இந்த ஊர்க் காற்று. எங்கள் ஊரிலும் வெயில் சுடும். ஆனால் வியர்க்க வியர்க்கக் காற்று வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். இங்கே வியர்வை போக இடமில்லாமல் உடம்பிலேயே தங்கிவிட்டது. விடிந்தது முதல் சட்டை ஈரம். மத்தியானம் ஆனால் மழை. துவைத்த வேட்டி மூன்று நாளாகியும் காயாது. உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து, முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டு நிற்பேன்.

லாயத்துக்குத் தலைவர் பாக் லேமான். மூவார் பக்கத்து மலாய்க்காரர். தோட்டத்திலேயே பல வருடம் இருந்ததால் தமிழை அவர் பாணியில் பேசுவார். நான் தூணில் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார்: "அலமாக்! குதிரைக்குத்தான் தேய்க்க ஆள் வச்சிருக்கு. இந்த முத்துவுக்கு யார் தேய்க்கிறது லா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நான் குனிந்துகொள்வேன். பேசாமலே இருந்ததால் அடுத்த கேலியும் அவரிடமிருந்துதான் வந்தது. "வாயை ஊர்லயே விட்டுட்டு வந்துட்டியா? கப்பல்ல எடம் இல்லையா?"

இரண்டாம் வருடம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஐந்து குதிரைகள் வந்தன. சிங்கப்பூரில் இறக்கி, கடலுக்குக் குறுக்கே போட்ட பாலத்தின் வழியாக நடத்திக் கூட்டி வந்தோம். அதில் ஒரு பெட்டைக் குதிரை, நாலு வயது, செம்பு நிறம். துரை அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். எங்கள் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. நான் செம்பி என்று கூப்பிட்டேன். அதுவே நின்றுவிட்டது.

பாக் லேமான் அவளை என்னிடம் கொடுத்தார். "ஒனக்கும் ஊர் புதுசு, அதுக்கும் ஊர் புதுசு. ரெண்டு பேரும் சேர்ந்து அழுவுங்க."

அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் செம்பி நடுங்கினாள். கொள்ளுத் தீனியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது, இந்த ஊர்ச் சோறும் இறங்கவில்லை. மழை வந்தால் அவள் பக்கத்தில் போய் நின்று பேசிக்கொண்டே இருப்பேன். அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதால் எனக்குக் கூச்சம் வரவில்லை. அம்மா வைக்கும் குழம்பு, பழநி ரோட்டுப் புளியமரங்கள், பெண் பார்த்த வீட்டில் என்னை வேண்டாம் என்று சொன்னது, எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். பேச்சு நின்றால் மூக்கால் என் தோளை இடிப்பாள்.

முதுகில் ஏற நான் ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். "கல்யாணப் பேச்சு மாதிரி இழுக்கிறானே" என்று பாக் லேமான் அலுத்துக்கொண்டார். ஒரு நாள் காலை அவள் பக்கத்தில் ஒரு கட்டை மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவளே நகர்ந்து வந்து என் முட்டியில் ஒட்டி நின்றாள். மெல்லக் காலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னை ஒரு முறைகூடக் கீழே தள்ளியதில்லை.

இனிமேல்தான் என் தப்பு வருகிறது.

வந்த புதிதில் செம்பிக்குப் பயங்கரமாக வியர்க்கும். சேணத்தைக் கழற்றினால் முதுகில் சோப்பு நுரை மாதிரி இருக்கும். நாள் போகப் போக அது குறைந்தது. நாலாவது மாதத்தில் ஓட்டிவிட்டு வந்து கையை வைத்தால் காய்ந்த பலகை மாதிரி இருந்தது. மற்ற குதிரைகள் நனைந்து நிற்கும்போது இவள் மட்டும் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் நின்றாள்.

என் அப்பா சந்தையில் குதிரை வாங்கும்போது அதைக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்வார். திரும்பி வந்ததும் வயிற்று வாருக்குள் கையை விட்டுப் பார்ப்பார். கை காய்ந்து வந்தால் "இது உழைக்கிற ஜாதி" என்பார். எங்கள் ஜட்காக்காரர்கள் எல்லாருக்கும் அதுதான் சோதனை. வறண்ட காற்றடிக்கும் ஊரில் வைத்துக்கொண்ட சோதனை அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வேர்க்குருவும் அந்தச் சமயத்தில்தான் ஆறியிருந்தது. நான் பழகிவிட்டேன், அவளும் பழகிவிட்டாள் என்று நினைத்தேன். யாரிடமும் பேசாத நான், பெருமை தாங்காமல் பக்கத்துத் தோட்டத்துக் குதிரைக்காரனிடம் போய், "எங்க செம்பிக்கு வேர்க்கவே வேர்க்காது" என்றேன்.

புல் கொண்டுவரும் பாப்பாத்தி அக்காதான் முதலில் கண்டுபிடித்தது. தோட்டத்துப் பால்மரக் காட்டு ஓரங்களில் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு வந்து போடுவார். ஒரு நாள் புல்லுக்கட்டை இறக்கிவிட்டு, செம்பியின் கழுத்தில் சும்மா கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னா முத்து, இதுக்கு உடம்பு கொதிக்குது?"

"ஓடிட்டு வந்திருக்குக்கா."

"எப்ப ஓடுச்சு?"

"காலையில."

"இப்ப மணி என்னா? நேத்துப் போட்ட புல்லும் பாதி அப்படியே கெடக்கு. மேல பாரு, தோலு வறண்டு கெடக்கு. எம்மவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தப்ப இப்படித்தான் இருந்தா. வேர்த்து விட்டப்புறந்தான் கண்ணைத் தொறந்தா. வேர்க்காத காய்ச்சல் நல்லதில்லப்பா."

நான் குனிந்து சேணத்தைத் துடைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சரிதான். குதிரைக்காரருக்குப் புல்லுக்காரி சொன்னா ஏறுமா?" என்று சும்மாட்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

தம்பிகளே, அவர் போன பிறகு நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நிழலில் சும்மா நிற்கும்போதே அவள் விலா வேகமாக ஏறி இறங்கியது. நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. மூச்சுக்கு ஒரு காரணம், முடிக்கு ஒரு காரணம் என்று நானே சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் துரை வந்து, அடுத்த வாரப் பந்தயத்தில் செம்பியை நீயே ஓட்டு என்று சொல்லியிருந்தார்.

அக்கம்பக்கத்துத் தோட்டத் துரைமார்கள் சேர்ந்து ஜொகூர் பாருவுக்கு வெளியே ஒரு மைதானத்தில் பந்தயம் வைப்பார்கள். கடைசியில் குதிரைக்காரர்களுக்கென்று ஒரு பந்தயம் உண்டு. மைதானத்தை மூன்று சுற்று. துரையின் லாயத்துக்கென்று வைத்திருந்த நிறத்தில் சட்டை போட்டு, தலைப்பாகை கட்டி, ஊரே பார்க்க ஓட்ட வேண்டும். கூச்சப்படுகிறவனுக்கு அந்த ஆசை இருக்காது என்று நினைப்பீர்கள். எனக்கு இருந்தது. பேசாமலே நாலு பேர் என்னைத் தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி.

பந்தயத்தன்று முற்பகலில் மழை பெய்து, பிறகு சுள்ளென்று வெயில் அடித்தது. காற்று இல்லை. தரையிலிருந்து ஆவி கிளம்பியது. ஏழு குதிரைகளோடு நின்றோம். ஆறும் நிற்கும்போதே நனைந்துவிட்டன. துரை வந்து செம்பியின் கழுத்தைத் தடவிப் பார்த்து, கையைத் தூக்கித் தன் நண்பர்களிடம் காட்டிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற குதிரைக்காரன், "ஒன் குதிரையை என்னா ஐஸ்கட்டியில செஞ்சாங்களா?" என்றான். நானும் சிரித்தேன்.

கொடி விழுந்தது. முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தோம். இரண்டாவது சுற்றின் பாதியில் முன்னால் போய்விட்டோம். கூட்டத்தின் சத்தம் காதில் விழுந்தது. அப்போதுதான் என் இரண்டு முட்டிக்கும் நடுவே சூடு தெரிந்தது. சாதாரணச் சூடு இல்லை. உலையில் கொதிக்கும் பானையை அணைத்து உட்கார்ந்தமாதிரி இருந்தது. மூச்சில் கரகரவென்று ஒரு சத்தம். காது இரண்டும் பக்கவாட்டில் தொங்கிவிட்டன. ஆனால் கால் நிற்கவில்லை. நான் ஓடச் சொன்னேன் என்பதற்காக மட்டும் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஒரு சுற்றுதான் இருந்தது. எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. நான் லகானை இழுத்தேன்.

மற்றக் குதிரைகள் எங்களைத் தாண்டிப் போயின. கூட்டம் ஊளையிட்டது. இறங்கினேன். இறங்கியதும் செம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு எப்படியோ காலை அகற்றி ஊன்றி நின்றாள். கண் எங்கேயோ பார்த்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். காது அசையவில்லை.

துரை கயிற்றைத் தாண்டி ஓடி வந்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும். "ஏன்டா எறங்கினே? யார் எறங்கச் சொன்னது?"

"செத்துரும் தொர" என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது. எனக்கே கேட்கவில்லை. அவர் கையை உதறிக்கொண்டு கூடாரத்துப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

குதிரைகள் குடிப்பதற்காக மைதானத்து ஓரத்தில் தொட்டிகளில் தண்ணீர் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்கள் கூட்டத்திலிருந்து பாப்பாத்தி அக்கா கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்தார். யாரையும் கேட்காமல் ஒரு மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தார். பாக் லேமான் ஓடிவந்து அவர் முன்னால் கையை விரித்து நின்றார்.

"ஜாங்கான்! ஊத்தாதே! சூடான குதிரை மேல பச்சைத் தண்ணி ஊத்தினா ரத்தம் உறைஞ்சு போயிடும். மாத்தி! செத்துப்போகும்!"

அவர் கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். என் அப்பாவும் அதையேதான் சொல்லிக் கொடுத்திருந்தார். ஓடி வந்த குதிரையை நடத்தி, துடைத்து, சூடு ஆறிய பிறகுதான் தண்ணீர். குதிரை பார்க்கிறவன் எவனைக் கேட்டாலும் அன்று அதைத்தான் சொல்லியிருப்பான்.

பாப்பாத்தி அக்கா டின்னைக் கீழே வைக்கவில்லை. "காய்ச்சக்காரப் புள்ளைக்கு ஈரத்துணி போடமாட்டீங்களா? முத்து, நீ சொல்லு. ஒன் குதிரை."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஞானம் எதுவும் பிறக்கவில்லை. அப்பாவும் பாக் லேமானும் சொன்னது ஒரு பக்கம், அக்கா சொன்னது ஒரு பக்கம். கை மட்டும் செம்பியின் தோளில் இருந்தது. அந்தச் சூடு என் உள்ளங்கையைச் சுட்டது. அப்பாவும் பாக் லேமானும் சொன்னது எல்லாம் வியர்க்கிற குதிரைக்கு. இவளுக்கு வியர்க்கவில்லை. உள்ளே இருக்கும் தீ வெளியே வர வாசல் இல்லை. அந்த வாசலை வெளியிலிருந்துதான் யாராவது திறக்க வேண்டும். இப்போது இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்று என் வாயில் வந்தது ஒரு சொல்தான்.

"ஊத்துக்கா."

பாக் லேமான் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் விழுந்தது. செம்பியின் உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது. விழவில்லை. அக்கா திரும்பிக் குரல் கொடுத்ததும் தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேர் டின்னும் குடமுமாக வந்துவிட்டார்கள். ஊற்ற ஊற்ற அது வழிந்து தரையில் விழும்போது சுடுதண்ணீராக இருந்தது. தொட்டித் தண்ணீரும் வெயிலில் கிடந்த தண்ணீர்தான். அது போதவில்லை. மூச்சின் வேகம் குறையவே இல்லை.

துரைமார்கள் கூடாரத்தில் பானத்துக்கு ஐஸ் பெட்டி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூடாரத்துக்குள் எங்களைப் போன்றவர்கள் கூப்பிடாமல் போக முடியாது. நான் போனேன். வெள்ளைக்காரத் துரைமார்களும் துரைசானிகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த சத்தமெல்லாம் நின்றுவிட்டது போலிருந்தது.

"ஐஸ் வேணும்!" என்று கத்தினேன். "தொர, செம்பி சாகுது! ஐஸ் வேணும்!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. துரை என்னை ஒரு நொடி பார்த்தார். என்ன நினைத்தாரோ, எழுந்து வந்து ஐஸ் பெட்டியின் ஒரு பக்கப் பிடியைத் தூக்கினார். மறுபக்கத்தை நான் தூக்கினேன். இருவரும் மைதானத்தின் நடுவே ஓடினோம்.

ஐஸைத் தொட்டிகளில் போட்டுக் கலக்கி ஊற்றினோம். கோணியில் கட்டித் தலையிலும் கழுத்திலும் வைத்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு எதிர்ப்பக்கம் யாரோ வந்து ஊற்றுவது தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பாக் லேமான், தண்ணீரும் கண்ணீருமாக.

"கழுத்துக்கு மொதல்லயா, வயித்துக்கு மொதல்லயா?" என்று என்னைக் கேட்டார். அவ்வளவு வருட அனுபவக்காரர் என்னைக் கேட்டார். அதை நான் மறக்கமாட்டேன். கேட்கத் தெரிந்த பெரிய மனிதர் அவர்.

கடைசியில் மூச்சு மெல்ல இறங்கியது. செம்பி தலையைத் தாழ்த்தித் தொட்டியில் வாயை வைத்தாள்.

மறுநாள் சிங்கப்பூரிலிருந்து கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். குளிர் நாட்டிலிருந்து வரும் குதிரைகள் சிலவற்றுக்கு இங்கே இப்படி ஆகுமாம். முதலில் அளவுக்கு மீறி வியர்த்து, பிறகு அடியோடு நின்றுவிடுமாம். மருந்து கிடையாது. குளிர்ந்த இடத்துக்குப் போனால் பிழைக்கலாம். இங்கேயே வைத்திருந்தால் அடுத்த முறை தாங்காது, அதைவிடச் சுட்டுவிடுவதே இரக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். துரை செம்பியின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். பிறகு என்னிடம், "மலை மேல எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கார். பகாங் பக்கம். ஆனா அவ்வளவு தூரம் யார் கொண்டுபோறது?" என்றார்.

"நான் கொண்டுபோறேன் தொர."

துரை அந்தச் சிநேகிதருக்குக் கடிதம் போட்டார். பதில் வரும்வரை அவளைக் காப்பாற்றுவதே எங்கள் வேலை. பகலெல்லாம் ஈரச்சாக்கு போர்த்தி நிழலில் நிறுத்தினோம். பாப்பாத்தி அக்கா புல்லை ஓடையில் அலசிச் சொட்டச் சொட்டக் கொண்டுவருவார். ஒரு நாள் தைரியம் வந்து, "அக்கா, நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றேன்.

"கேட்டிருந்தா நீ அன்னைக்கு எங்க கத்தியிருப்ப? ஒனக்குத் தொண்டை இருக்குன்னே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இனிமே யாரு சொன்னாலும் கையை வச்சுப் பாரு. அது போதும்" என்றார்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைத்ததும் அதுதான். எந்தக் குதிரையைப் பற்றியும் "பழகிவிட்டது" என்று சீக்கிரம் சொல்லாதீர்கள். சத்தம் போடாமல் நிற்பது எல்லாம் பழக்கம் ஆகாது. மனிதனுக்கும் அப்படித்தான். உங்களில் ஒருவன் வந்த புதிதில் அழுதுகொண்டிருந்துவிட்டுத் திடீரென்று அழுகையை நிறுத்தினால், அவனிடம் போய் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுங்கள்.

ரயிலில் சரக்குப் பெட்டியில் அவளோடு போனேன். அங்கிருந்து மலைப்பாதையில் மெல்ல நடத்திக் கூட்டிப் போனேன். மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. செம்பி மூக்கைத் தூக்கித் தூக்கி அந்தக் காற்றை முகர்ந்தாள். அந்தச் சிநேகிதரின் பங்களாவில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் சோலை என்ற பெரம்பலூர்க்காரர். நான் சில வாரம் அங்கே தங்கி அவளுக்குப் பிடித்தது பிடிக்காதது எல்லாம் அவரிடம் சொன்னேன். தினமும் கொஞ்சம் நடத்துவோம். தினமும் கையை வைத்துப் பார்ப்பேன். காய்ந்தே இருந்தது. நான் ஜொகூருக்குத் திரும்ப வேண்டிய நாளும் வந்துவிட்டது.

அன்று காலை சோலைதான் அவளை ஓட்டிக்கொண்டு போனார். நான் மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். திரும்பி வந்து இறங்கியவர் முகத்தைச் சுளித்தார். சேணத்துக்கு அடியிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"என்னாங்க முத்து இது? கொஞ்ச தூரந்தான் ஓட்டினேன். இந்தக் குளிர்ல இதுக்கு இப்படி வேர்க்குது. சீக்காளிக் குதிரையைக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டுப் போறீங்களா?"

நான் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளில் கையை வைத்தேன். அப்படியே நின்றேன். சோலை பதிலுக்காகக் காத்திருந்தார்.

"இல்லீங்க" என்றேன். "நல்லா இருக்கா."